உரு மாறியவருக்கு உடனடிச் சாவு வந்தால்

பகடை உருட்டிக் கற்பனைப் பாத்திரங்களை ஏற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை ஆட்டத்தை ஆடுபவர்களிடையே நெடுங்காலமாகத் தீராமல் கிடக்கும் வழக்குகளுள் ஒன்று, வேறோர் உருவை எடுத்து நிற்கும் பாத்திரத்தின் மீது உடனடிச் சாவைத் தரும் மந்திரம் ஏவப்பட்டால் சாவது யார் என்பதாகும். ஓநாயாக மாறிய ட்ரூயிட் (இயற்கை மந்திரத்தில் வல்ல பாத்திரம்) ஒருத்தியை ஒரு மந்திரச் சொல் கொன்றால், ஓநாய் உரு மட்டும் கலைந்து அவள் மனுஷியாக எழுந்து நிற்பாளா, அல்லது அவளே செத்துக் கிடப்பாளா? திருகோணமலையில், போயா விடுமுறை நாட்களில், உப்புவெளியில் உள்ள ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில் நாங்கள் ஆடும் ஆட்டத்தில் டி.எம். (ஆட்டத்தை நடத்தி விதிக்குத் தீர்ப்புச் சொல்பவர்) பொறுப்பு பெரும்பாலும் என்னுடையது. ஆகவே இந்தக் கேள்விக்கு நான் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்; சொன்ன தீர்ப்பை அடுத்த ஆட்டத்திலும் அதற்கடுத்த ஆட்டத்திலும் காப்பாற்றியாக வேண்டும். உருமாற்றம் என்பது எவ்வளவு சேதம் தாங்கலாம் என்பதைக் காட்டும் தன்னுடைய ஹிட் பொயின்ற் கணக்கை வைத்துவிட்டு இன்னொன்றின் கணக்கை எடுத்துக்கொள்ளும் பண்டமாற்று என்றும், அதில் வரும் இலாபத்தை ஏற்பவர் நட்டத்தையும் ஏற்க வேண்டும் என்றும் நான் கொள்கிறேன். இந்த ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டால் ஏறத்தாழ எல்லா வழக்குகளுக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

ஹிட் பொயின்ற் என்பதை இனி உயிர்ப்புள்ளி என்றே எழுதுகிறேன். 2014ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, ட்ரூயிட் ஒருவர் வைல்ட் ஷேப் என்னும் ஆற்றலால் விலங்காக மாறும்போது அவருடைய சொந்த உயிர்ப்புள்ளிகள் அப்படியே ஒதுக்கி வைக்கப்படுகின்றன. அந்த விலங்கின் உயிர்ப்புள்ளிகளே அவருடையவை ஆகின்றன. விலங்கின் புள்ளிகள் பூச்சியத்தைத் தொட்டால் அவர் பழைய உருவுக்குத் திரும்புவார். மிஞ்சிய சேதம் மட்டும் அவருடைய சொந்தப் புள்ளிகளிலிருந்து கழியும். மண்ணிறக் கரடிக்கு 34, ஓநாய்க்கு 11, பூனைக்கு 2 என்று ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு தொகை உண்டு. ஓர் உயிரை விலங்காக மாற்றும் பொலிமோர்ப் மந்திரமும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. ஆனால் அதில் அறிவும் விலங்கின் அறிவாகிவிடும் என்பதும், மந்திரத்தை ஏவியவர் கவனம் சிதறாமல் அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பதும் பெரிய வேறுபாடுகள்.

இங்கே இரண்டு வகைச் சாவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சேதத்தின் வழியாக, புள்ளிகளைப் பூச்சியமாக்கி வருவது ஒன்று. சேதம் எதையும் தராமல், புள்ளிகளைக் கழிக்காமல், நேரடியாக "செத்துப் போ" என்று சொல்வது மற்றையது. உருமாற்றம் முதலாவதற்குத் தடையாக நிற்கும், இரண்டாவதற்கு நிற்காது.

இரண்டாவது வகையின் உச்சம் பவர் வேர்ட் கில். ஒன்பதாம் நிலை மந்திரம். 60 அடிக்குள், கண்ணுக்குத் தெரியும் ஓர் உயிரின் மீது ஒரே ஒரு சொல்லால் ஏவப்படுவது. அந்த நேரத்தில் அவ்வுயிருக்கு 100 அல்லது அதற்குக் குறைந்த உயிர்ப்புள்ளிகள் இருந்தால் அது செத்துவிடும். சேவிங் த்ரோ கிடையாது. பகடை உருட்டித் தப்ப வழியில்லை. 100க்கு மேல் இருந்தால், 2014ஆம் ஆண்டு விதிப்படி, எதுவுமே நடக்காது. அந்த நாளின் மிகப் பெரிய மந்திரம் வீணாகிப் போகும்.

எங்கள் ஆட்டத்தில் இது நடந்தது. ட்ரூயிட் ஆடும் தங்கை கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து வருபவள்; நிதானமாக, யோசித்து ஆடுபவள். அவளுடைய பாத்திரம் 18ஆம் லெவலை எட்டியிருந்தது. சொந்த உயிர்ப்புள்ளி 129. செத்தும் மந்திரத்தால் நிலைத்திருக்கும் மந்திரவாதியான லிச் ஒருவனின் கோபுரத்துக்குள் ஓசையின்றி நுழைவதற்காக அவள் பூனையானாள். சன்னல் விளிம்பில், மெழுகுதிரி வெளிச்சம் எட்டாத மூலையில், வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்தப் பூனை. லிச்சுக்கு 120 அடி தூரத்துக்கு மெய்ப்பார்வை உண்டு. மந்திரத்தால் உரு மாறியிருப்பவரின் உண்மை உருவை அந்தப் பார்வை காட்டிக் கொடுக்கும். ஆகவே அவன் பூனையைப் பார்க்கவில்லை. பூனைக்குள் இருந்த ட்ரூயிட்டைப் பார்த்தான். தன்னைக் கொல்ல வந்தவள் இந்த நிமிடம் எலியைப் பிடிக்கும் உடம்பில் இருக்கிறாள் என்பதையும் சேர்த்துப் பார்த்தான். லிச்சின் ஒன்பதாம் நிலை மந்திரம் பவர் வேர்ட் கில். நான் அதைச் சொன்னதும் மேசையைச் சுற்றி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள்.

"அண்ணா, செத்தது பூனைதானே? பூனை செத்தா நான் ஆளா வந்திருவன்தானே?" என்று அவள் கேட்டாள்.

எங்களுள் மூத்தவர், பாடசாலை ஆசிரியர் ஒருவர், "பூனை வேற, நீ வேற இல்லையம்மா. உன்னட்ட இப்ப ரெண்டு புள்ளிதான் இருக்கு" என்றார்.

விதி அவர் பக்கமே நிற்கிறது. வைல்ட் ஷேப் பற்றிய பத்தியில், மயங்கினாலோ, புள்ளிகள் பூச்சியத்துக்கு விழுந்தாலோ, செத்தாலோ பழைய உருவுக்குத் திரும்புவீர்கள் என்று இருக்கிறது. இந்த மூன்றும் மூன்று வேறு நிலைமைகள். பூச்சியத்துக்கு விழுந்தவருக்கு மட்டும், மிஞ்சிய சேதம் சொந்தப் புள்ளிக்குப் போகும் என்ற ஏற்பாடு தரப்பட்டிருக்கிறது. மயங்கியவர் திரும்பும்போது மயங்கிய நிலையிலேயே திரும்புகிறார். உரு மாறிவிட்டது என்பதற்காக அவர் விழித்துக்கொள்வதில்லை. அப்படியே செத்தவரும் செத்த நிலையிலேயே திரும்புகிறார். பவர் வேர்ட் கில் புள்ளிகளைப் பூச்சியமாக்குவதில்லை. பூனையின் இரண்டு புள்ளிகளைப் பார்த்து, 100க்குக் கீழே என்று கண்டு, அந்த உயிரையே அணைத்துவிடுகிறது. விலங்கின் உடம்பில் இருந்தாலும் உயிர் ஒன்றுதான். அன்று சன்னல் விளிம்பிலிருந்து கீழே விழுந்தது ட்ரூயிட்டின் உடல்.

பொலிமோர்ப் விடயத்தில் இன்னும் கூர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். அந்த மந்திரத்தின் விதியில், உரு மாறியவர் பூச்சியத்துக்கு விழும்வரை அல்லது சாகும்வரை மாற்றம் நீடிக்கும் என்றும், பழைய உருவுக்குத் திரும்பும்போது மாறுவதற்கு முன்னிருந்த உயிர்ப்புள்ளிகள் மீண்டும் கிடைக்கும் என்றும் இருக்கிறது. அப்படியானால், செத்ததும் மாற்றம் முடிகிறது, முடிந்ததும் பழைய புள்ளிகள் வந்துவிடுகின்றன, புள்ளிகள் உள்ளவர் எப்படிச் செத்தவராக இருக்க முடியும் என்று கேட்பார்கள். என் பதில், சாவு என்பது புள்ளி இல்லாத நிலை மட்டுமல்ல என்பதே. இந்த ஆட்டத்தில் செத்தவரை எழுப்புவதற்கென்றே மந்திரங்கள் இருக்கின்றன; மூன்றாம் நிலையில் உள்ள ரிவிவிஃபை மந்திரத்துக்கே 300 பொற்காசு பெறுமதியான வைரம் தேவை, அதுவும் செத்து ஒரு நிமிடத்துக்குள் செய்ய வேண்டும். உயிர்ப்புள்ளியைக் கூட்டும் சாதாரண வைத்திய மந்திரம் பிணத்தின் மீது வேலை செய்யாது. புள்ளி திரும்பி வந்தது என்ற ஒரே காரணத்துக்காகச் சாவு நீங்கிவிடும் என்றால், வைரம் கேட்கும் மந்திரங்கள் எல்லாம் பொருளற்றுப் போய்விடும். எழுப்புவதாகத் தன் வாயால் சொல்லாத எந்த விதியும் எவரையும் எழுப்பாது என்று வாசிப்பதே முறையான வாசிப்பு.

இதை ஏற்றால் இன்னொரு கதவும் திறக்கிறது. அதையும் நான் மூடமாட்டேன். 256 உயிர்ப்புள்ளிகள் கொண்ட முழு வளர்ச்சியடைந்த சிவப்பு டிராகன் ஒன்றைப் பொலிமோர்ப் மந்திரத்தால் 4 புள்ளிகள் கொண்ட ஆடாக மாற்றி, அடுத்தவர் பவர் வேர்ட் கில் ஏவினால், செத்து விழுவது டிராகன்தான். இதைக் கேட்டதும் பல டி.எம்.கள் முகம் சுளிப்பார்கள். மாதக் கணக்கில் கட்டி வளர்த்த எதிரி இரண்டு மந்திரங்களில் போய்விடுகிறதே என்ற கவலை அவர்களுக்கு. ஆனால் அந்த டிராகனுக்கு ஒரு நாளில் மூன்று தடவை, தோற்ற சேவிங் த்ரோவை வெற்றியாக்கிக்கொள்ளும் உரிமை இருக்கிறது. அந்த மூன்றையும் செலவழிக்க வைத்து, அதன் பிறகு மன உறுதிப் பகடையில் அதைத் தோற்கடித்து, நான்காம் நிலை மந்திரத்தையும் ஒன்பதாம் நிலை மந்திரத்தையும் இரண்டு பேர் ஒரே மூச்சில் செலவிட்டு வாங்கிய வெற்றி அது. உழைத்து வாங்கிய அந்த வெற்றியை டி.எம். பறிக்கக் கூடாது. ட்ரூயிட்டைப் பூனை உடம்பில் சாகவிட்டு, டிராகனை மட்டும் ஆட்டு உடம்பில் காப்பாற்றும் டி.எம்.மை நான் நம்பமாட்டேன்.

இலாபத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 17ஆம் லெவல் மந்திரவாதி ஒருவருக்கு 87 உயிர்ப்புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். தன் சொந்த உடம்பில் நிற்கும் ஒவ்வொரு கணமும் அவர் பவர் வேர்ட் கில்லுக்கு இரையாகக்கூடியவர். நண்பர் ஒருவர் அவரை இராட்சதக் குரங்காக மாற்றிவிட்டால் அவருக்கு 157 புள்ளிகள். அந்தச் சொல் அவரைத் தொடாது. 57 புள்ளி சேதத்தைக் குரங்கு வாங்கி 100க்கு இறங்கும்வரை அவர் பத்திரம். உருமாற்றத்தில் தேர்ந்த பிரிவினரான சந்திர வட்டத்து ட்ரூயிட்டுகள் 10ஆம் லெவலில் பெறும் பூத உருக்களில் இந்தக் கணக்கு இன்னும் சுவையானது. மண் பூதத்துக்கு 126, நீர்ப் பூதத்துக்கு 114, நெருப்புப் பூதத்துக்கு 102, காற்றுப் பூதத்துக்கு 90. பறக்க வேண்டும், விரைவாகப் போக வேண்டும் என்று காற்றுப் பூதத்தை எடுத்தவர், ஒரு கீறல்கூடப் படாமலே அந்தச் சொல்லுக்கு அகப்படுவார். நெருப்புப் பூதம் இரண்டே இரண்டு புள்ளி சேதம் பட்டதும் எல்லைக்குள் வந்துவிடும். யாரோ எறிந்த ஒரு கல் போதும். மண் பூதம் மெதுவாக நகர்ந்தாலும் நெடுநேரம் தாங்கும். எந்த உருவை எடுப்பது என்ற தெரிவுக்கு இப்படி ஒரு கனம் கிடைப்பதனால்தான் இந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது. கணக்குத் தெரிந்த ஆட்டக்காரர் லிச்சின் முன்னால் காற்றாகப் போய் நிற்கமாட்டார்.

இனி சேதத்தின் வழியாக வரும் சாவு. இதில் மிகவும் பேசப்பட்டது டிஸின்டிகிரேட். ஆறாம் நிலை மந்திரம். பத்து ஆறுமுகப் பகடைகளை உருட்டி அதோடு 40 சேர்த்தால் வரும் தொகை சேதம், சராசரியாக 75. அந்தச் சேதம் ஒருவரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் அவர் பொடியாகிவிடுவார். உடம்பு இல்லாதபடியால் ட்ரூ ரிசரெக்‌ஷன் அல்லது விஷ் மந்திரத்தால் மட்டுமே அவரை மீட்க முடியும். 80 புள்ளிகள் கொண்ட ட்ரூயிட் ஒருத்தி கரடியாக நிற்கும்போது 75 சேதம் விழுகிறது என்று கொள்வோம். கரடியின் 34 போய்விடும். மிஞ்சிய 41 அவளுடைய 80இலிருந்து கழிந்து 39 மிஞ்சும். ஆனால் கரடி பூச்சியத்தைத் தொட்ட அந்தக் கணத்தில் அவள் பொடியாகிவிட்டாளா?

ஐந்தாம் பதிப்பின் முதல் சில ஆண்டுகளில் வடிவமைப்பாளர்கள் தந்த அதிகாரபூர்வ விளக்கம், ஆம், பொடிதான் என்பதாக இருந்தது. அச்சிடப்பட்ட விதியை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் அந்த விடைதான் வரும். ஆயினும் அது சரியில்லை என்றே எனக்குப் பட்டது. அம்பும் வாளும் நெருப்பும் தரும் சேதத்துக்கெல்லாம் கரடி உடம்பு தடையாக நிற்கும்போது, சேதமாகவே வரும் இந்த மந்திரத்துக்கு மட்டும் அது தடையாகாமல் போவதற்கு நியாயம் இல்லை. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விதி மாற்றி எழுதப்பட்டது: சேதம் முழுவதும் கணக்கிடப்பட்டு முடிந்த பின்னரும் அவர் பூச்சியத்தில் இருந்தால்தான் பொடியாவார். மேலே சொன்ன ட்ரூயிட் 39 புள்ளிகளோடு, கரடித் தோல் கலைந்து, உயிரோடு நிற்பாள். சேதம் வந்தால் உடம்பு தாங்கும், சொல் வந்தால் தாங்காது என்ற பிரிவு இந்தத் திருத்தத்தால் தெளிவாகிவிட்டது.

கண்களிலிருந்து கதிர் வீசும் அரக்கப் பிராணியான பிஹோல்டரின் சாவுக் கதிரை நான் இதே வழியில் தீர்க்கிறேன். பத்துப் பத்துமுகப் பகடைச் சேதம், சராசரி 55. கதிர் ஒருவரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் அவர் சாவார் என்று 2014ஆம் ஆண்டு அரக்கர் நூல் சொல்கிறது. இதுவும் சேதத்தின் வழியாக வரும் சாவுதான் என்பதனால், மிஞ்சியது சொந்தப் புள்ளியையும் தின்று தீர்த்தால் மட்டுமே எங்கள் மேசையில் சாவு. பான்ஷீ என்னும் பெண் ஆவியின் ஓலம் இன்னும் எளிது. சேவிங் த்ரோவில் தோற்றவருக்கு அது சேதம் தருவதில்லை. தோற்றவரை நேரே பூச்சியத்துக்குத் தள்ளுகிறது. உரு மாறியிருப்பவருக்கு மிஞ்சும் சேதம் எதுவுமே இல்லாதபடியால் விலங்கு உரு கலையும், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற போர்வீரர் மயங்கி விழ, ட்ரூயிட் நலமாக நிற்பார். இந்த இலாபத்தை நான் எவரிடமிருந்தும் பிடுங்கியதில்லை. ஏழாம் நிலை டிவைன் வேர்ட் மந்திரம் மறுபடியும் நட்டத்தின் பக்கம்: அதைக் கேட்டு சேவிங் த்ரோவில் தோற்றவருக்கு 20 அல்லது அதற்குக் குறைந்த புள்ளிகள் இருந்தால் சாவு நிச்சயம். ஓநாய்க்கு 11 என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

சிறுவயதிலிருந்தே இந்தக் கேள்வியின் நடுவில்தான் நாங்கள் வளர்ந்திருக்கிறோம் என்று சில நேரம் எண்ணுவதுண்டு. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் திரிவதைப் பார்க்காமல் வளர்ந்த திருகோணமலைப் பிள்ளை இல்லை. அந்த மான்களைக் காட்டித்தான் எனக்கு மாரீசன் கதை சொல்லப்பட்டது. பொன்மானாக மாறிய மாரீசன் மீது இராமனின் அம்பு பட்டபோது, மான் செத்து மாரீசன் எழுந்து ஓடவில்லை. மான் உரு கலைந்து, அரக்கன் உடலோடு விழுந்து, இராமனின் குரலில் இலக்குவனையும் சீதையையும் கூவி அழைத்துவிட்டு அவன் செத்தான். உருவைக் கலைத்து உயிரையும் எடுக்கும் சாவு அது. பவர் வேர்ட் கில் பற்றிய என் வாசிப்புக்கு இதைவிடத் தெளிவான படம் கிடையாது. கந்தசட்டி முடிவில் கோயில் வீதியில் நடக்கும் சூரன்போரில் காண்பது வேறு வகை. சூரனின் தலையைக் கழற்றிக் கழற்றி வேறு தலை பொருத்துவார்கள். யானைமுகம், சிங்கமுகம் என்று அடுத்தடுத்துப் போய், கடைசியில் மாமரமாக நிற்பவனை வேல் பிளக்கும். பிளந்தவன் சாகாமல் மயிலும் சேவலுமாக மாறுகிறான். கொல்லும் அடியே அடுத்த உருவுக்குக் காரணமாகிறது.

ஆட்டத்தில் இந்த இரண்டாவது வகைக்கு நிகரானவர் வம்பயர். 144 உயிர்ப்புள்ளிகள் கொண்ட வம்பயர் பூச்சியத்துக்கு விழும்போது மயங்காமல் மூடுபனியாக மாறித் தன் ஓய்விடத்தை நோக்கிப் போய்விடுவார். வெயிலிலோ ஓடும் நீரிலோ இருந்தால் மட்டும் அது முடியாது. சேதத்தால் அவரை வீழ்த்துகிறவர்கள் எல்லோரும் இந்த மூடுபனியைத் துரத்திக்கொண்டு சவப்பெட்டிவரை ஓட வேண்டியவர்கள். ஆனால் 44 புள்ளி சேதத்தைக் கொடுத்து அவரை 100க்கு இறக்கிவிட்டுப் பவர் வேர்ட் கில் சொன்னால், அவர் பூச்சியத்துக்கு விழுவதே இல்லை, நேரே சாகிறார். மூடுபனிக்கு வாய்ப்பு எழுவதற்கு முன்னமே கதை முடிகிறது. டிஸின்டிகிரேட் வம்பயரை வீழ்த்தினால் என்ன என்பது கடினமான வழக்கு. மூடுபனியாக மாறிய பின்னும் அவருடைய புள்ளி பூச்சியமாகவே இருக்கிறது என்பதனால், திருத்தப்பட்ட விதியின்படி அவர் பொடியாவதே சரி என்று நான் கொள்கிறேன். எங்கள் ஆசிரியர் இதை ஏற்கவில்லை. மயக்கத்துக்குப் பதிலாக மூடுபனி என்று விதி தரும்போது அந்த மாற்றத்துக்கு முன்னுரிமை வேண்டும் என்பது அவர் பக்கம். அவருடைய வாதத்திலும் வலு இருக்கிறது.

பழைய பதிப்புகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழவில்லை. 1978ஆம் ஆண்டு அட்வான்ஸ்ட் பதிப்பில் பவர் வேர்ட் கில் தனியொரு எதிரியைக் கொல்வதற்கான எல்லை 60 புள்ளி. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அது 100 ஆனது. 2003ஆம் ஆண்டின் 3.5 பதிப்பில் உரு மாறியவர் தன் சொந்த உயிர்ப்புள்ளிகளையே வைத்துக்கொண்டார். கொல்லப்பட்டால் பழைய உருவுக்குத் திரும்புவார், ஆனால் செத்தவராகவே இருப்பார் என்று பொலிமோர்ப் விதியில் வெளிப்படையாகவே எழுதியிருந்தது. இந்த ஒரு வசனத்தை 2014ஆம் ஆண்டு நூலிலும் சேர்த்திருந்தால் எத்தனையோ மேசைகளில் வாக்குவாதம் தவிர்க்கப்பட்டிருக்கும்.

2024ஆம் ஆண்டுத் திருத்திய விதிகள் வேறு வழியில் போயிருக்கின்றன. இப்போது ட்ரூயிட் உரு மாறினாலும் சொந்த உயிர்ப்புள்ளிகளே தொடரும். லெவலுக்குச் சமமான தற்காலிகப் புள்ளிகள் மேலதிகமாகக் கிடைக்கும், சந்திர வட்டத்தாருக்கு அது மூன்று மடங்கு. பொலிமோர்ப் மந்திரமும் விலங்கின் புள்ளிகளைத் தற்காலிகப் புள்ளிகளாகத்தான் தருகிறது. அவை தீர்ந்தால் உரு கலையும். தற்காலிகப் புள்ளி உயிர்ப்புள்ளியாக எண்ணப்படாது என்பதனால், பவர் வேர்ட் கில் எப்போதும் ஆளின் சொந்தக் கணக்கையே பார்க்கும். பூனையான ட்ரூயிட்டின் 129 அவளைக் காக்கும். குரங்கான மந்திரவாதியின் 87 அவரைக் கைவிடும். ஆடான டிராகன் சாகாது. அத்தோடு, 100க்கு மேல் உள்ளவருக்கு மந்திரம் முற்றாக வீணாகாமல் பன்னிரண்டு பன்னிருமுகப் பகடைச் சேதம், சராசரியாக 78, விழும். நடத்துபவருக்கு இது இலகு, வழக்குகள் குறையும். இருந்தும் எங்கள் மேசையில் 2014ஆம் ஆண்டு முறையையே வைத்திருக்கிறோம். புதிய விதியில் உரு என்பது வெளியே போர்த்தும் ஆடையாகிவிட்டது. பழைய விதியில் அது உண்மையாகவே இன்னொரு உடம்பு. அந்த உடம்பின் வலிமையை மட்டுமன்றி அதன் நலிவையும் சுமந்துகொண்டு கோபுரத்துக்குள் நுழைவதில் இருந்த நெஞ்சுப் படபடப்பைப் புதிய விதி தருவதில்லை. 2019ஆம் ஆண்டில் வந்த பாத்ஃபைண்டர் என்னும் இதையொத்த ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு இதே மந்திரத்துக்குப் புள்ளியை விட்டு லெவலை அளவாகக் கொண்டது; உரு மாறினாலும் லெவல் மாறாது என்பதனால் அங்கும் கேள்வி எழுவதில்லை.

இத்தனை கடுமையான தீர்ப்பைச் சொல்லும் டி.எம்.முக்கு ஒரு கடமை உண்டு: அதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எல்லோருக்கும் அறிவித்திருக்க வேண்டும். லிச்சின் சொல் விழுந்த பிறகு விதியை விளக்குவது அநீதி. எங்கள் குழுவில் உரு மாறக்கூடிய பாத்திரத்தை எடுக்கும் எவருக்கும் இதை முதல் நாளே சொல்கிறேன். அந்தத் தங்கைக்கும் சொல்லியிருந்தேன், அவளும் அதை ஒத்துக்கொண்டிருந்தாள். பூனை உடம்பின் இரண்டு புள்ளிகளை அறிந்தே அவள் அந்தச் சன்னலைத் தெரிந்தெடுத்தாள். அதனால்தான் கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும், பகடைகளைச் சேர்த்து வைத்துவிட்டு அமைதியாக இருந்தாள். உடம்பு முழுதாக இருந்தபடியால் எங்கள் மதகுரு அடுத்த சுற்றிலேயே வைரத்தை எடுத்து ரிவிவிஃபை செய்தார். டிஸின்டிகிரேட் விழுந்து பூச்சியத்தில் நின்றிருந்தால் 25,000 பொற்காசு வைரம் கேட்கும் ட்ரூ ரிசரெக்‌ஷன் தேவைப்பட்டிருக்கும். எங்கள் குழுவிடம் அந்தப் பணம் இல்லை.

இதற்கெல்லாம் முன்கூட்டிய காப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பலர் தவறான வேளையில் செலவிடுகிறார்கள். நான்காம் நிலை டெத் வார்ட் எட்டு மணி நேரம் நிற்கும். சேதத்தால் பூச்சியத்துக்கு விழவேண்டிய முதல் தடவையில் ஒரு புள்ளியோடு நிறுத்தும். சேதமின்றிக் கொல்லும் மந்திரம் வந்தால் அதை முற்றாகத் தள்ளிவிடும். இரண்டில் எது முதலில் வந்தாலும் அதோடு தீர்ந்துவிடும். ஓநாயாக நிற்கும் ட்ரூயிட் மீது ஓர் அம்பு விழுந்து 11 புள்ளியும் போக வேண்டிய வேளையில், காப்பு ஓநாயை ஒரு புள்ளியோடு நிறுத்திவிட்டுத் தீர்ந்துபோகும். உரு கலைந்து சொந்த உடம்புக்கு வந்திருந்தால் எந்தக் குறையும் இல்லாத இடத்தில் காப்பு வீணாகிறது. அடுத்து லிச்சின் சொல் வரும்போது ஒரு புள்ளி ஓநாய்தான் எதிரே நிற்கும். ஆகவே லிச் இருக்கும் இடத்துக்குப் போகும்போது, சிறு விலங்காகப் போய் ஒளிந்திருக்கும் வேலைக்கு இந்தக் காப்பை இட்டுக்கொள்வதும், அடி வாங்கும் வேலைக்குப் போகும் ஓநாய்க்கோ கரடிக்கோ அதை இடாமல் விடுவதும்தான் கணக்குக்குப் பொருந்தும். எங்கள் மதகுரு இப்போது காப்பை இடுவதற்கு முன் ட்ரூயிட்டிடம் எந்த விலங்கு என்று கேட்டுக்கொள்கிறார்.